பாஷை போதிக்கப் பிறப்பு ஒரு யோக்கியதையா?



அயல் தேசங்களுக்குப் போய் இங்கிலீஷ் பாஷையைப் போதிக்கும் உத்தியோகத்தைப் பற்றி இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். இந்த உத்தியோகத்தில் ஒரு குருட்டு நம்பிக்கை வெகு நாளாக இருந்து வருகிறது. அதாவது, இங்கிலீஷைத் தாய்ப்பாஷையாகக் கொண்டு பிறந்தவனே அதற்குச் சிறந்த உபாத்தியாயன் என்பதாகும்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. தென் கொரியாவில் பாஷை போதிக்க வருகிறவர்களுக்கு ஈ-2 என்று ஒரு விசா உண்டு. இங்கிலீஷ் போதிப்பதற்கு அது பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 தேசத்துப் பிரஜைகளுக்கே கிடைக்கிறது. அந்தப் பிரஜை எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி. ஆனால் 20 வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்திய வேறு தேசத்து உபாத்தியாயர் வெளியே நிற்க வேண்டியதுதான்!

தாய்ப்பாஷை பேசுகிறவனெல்லாம் உபாத்தியாயனாவதானால், தமிழ் பேசும் நாம் எல்லோரும் தமிழ்ப் பண்டிதர்களாகிவிட வேண்டாமா? ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்திருக்கிறான்’ என்பதற்கும் என்ன பேதம் என்று ஒரு சீனாக்காரர் கேட்டால், நம்மில் எத்தனை பேர் அவருக்கு விளங்கும்படி சொல்லுவோம்? பேசுவது வேறு, பேசக் கற்பிப்பது வேறு. கஷ்டப்பட்டு அந்தப் பாஷையைப் படித்தவனுக்குத்தான் மாணாக்கன் எந்த இடத்தில் இடறுவான் என்பது நன்றாகத் தெரியும்.

“பிள்ளையைப் பெற்றவர்கள் வெள்ளைக்காரரைத்தானே கேட்கிறார்கள்” என்று பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் சமாதானம் சொல்லலாம். கேட்கிறவன் இருக்கிறான் என்பதற்காகப் பொய்யை விற்பது வியாபாரமாகுமே தவிர, கல்வியாகுமா?

1961ல் உகாண்டாவில் மக்கரேரே என்னுமிடத்தில் நடந்த மகாநாட்டின் அறிக்கையால் இந்த நம்பிக்கை பலம் பெற்றது என்பதை ராபர்ட் பிலிப்சன் என்பவர் 1992ல் ஒரு புத்தகத்தில் எடுத்துக்காட்டி, அது ஆதாரமற்றது என்றும் எழுதினார். அவர் பிரிட்டனில் பிறந்தவரே! இங்கிலீஷ் உபாத்தியாயர்களின் சர்வதேச சங்கமாகிய டெசாலும் 2006ல், தாய்ப்பாஷையை வைத்து ஆள் பொறுக்குவதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. அந்தச் சங்கத்தின் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு 2005 முதல் 2009 வரை ஆசிரியராக இருந்தவர் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போதித்துவிட்டு, பிறகு அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா என்னும் தமிழர்.

ஆகையால் வாலிபத் தோழர்களே! நாம் வைது கொண்டே உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த செல்டா என்னும் பயிற்சிக்குக் குறைந்தது 120 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் 6 மணி நேரம் மாணாக்கர் முன் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அங்கே சோதிக்கப்படுவது உங்கள் பாட்டனுடைய ஊரல்ல, நீங்கள் நடத்தும் பாடமேயாகும். சர்வகலாசாலையில் போதிக்க விரும்புகிறவர்கள் எம்.ஏ.யோடு நிற்காமல் டாக்டர் பட்டமும் பெற முயல வேண்டும்.

முதலில் தகுதியைத் தேடிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் உங்கள் பிறப்பை விசாரிக்கிறவனிடம், பாடத்துக்கும் பிறப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தைரியமாய்க் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவனுடையதே ஒழிய உங்களுடையதல்ல.