கரையில் குவிந்த இரக்கம்



இரக்கம் மிகுந்துபோனால் ஒரு சமுதாயத்துக்குக் கெடுதல் வருமா? வரும் என்றுதான் சொல்வேன். நாகப்பட்டினம் கரையில் அது வந்தது.

2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் ஆகிய மீனவ ஊர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. அந்த வெயிலூருக்குக் கம்பளிச் சட்டைகள்கூட வந்தன. உழைத்துச் சம்பாதித்து உடுத்திய சனம், ஊரார் கழித்துப்போட்ட துணியைத் தொட மறுத்தது. சாலையோரம் குவிந்து நனைந்து மக்கியதை, ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்த துப்புரவுப் பணியாளர்கள்தான் அள்ளினார்கள்.

துணியை அள்ளிவிடலாம். படகை என்ன செய்வது? மீனவர் என்றாலே படகு என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகள் கொடுத்தன. சில ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிப்போயின. அவசரத்தில் கட்டியதால் பல படகுகள் தரமாக அமையவில்லை. ஒரு ஃபைபர் படகு தொழிலுக்குப் போக நாலைந்து பேர் வேண்டும். மீனை விற்று, எண்ணெய்ச் செலவு கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். நேற்றுவரை பங்குக்குப் போனவரும் இன்று படகுக்காரர் என்றால், யார் படகில் யார் ஏறுவது? ஆள் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. ஓடிய படகுகளோ, இருக்கிற மீனுக்கே மோதிக்கொண்டன.

அதே மாவட்டத்தில் உப்புநீர் ஏறிய வயல்களை நம்பிப் பிழைத்த தலித் கூலிப் பெண்கள் இருந்தார்கள். வேதாரண்யத்தில் உப்பளத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அலை இவர்களுடைய வேலையைக் கொண்டுபோனது. அது படம் பிடிக்கக்கூடிய இழப்பு அல்லவே! உதவி இவர்களுக்குப் பிந்தித்தான் வந்தது, குறைவாகவும் வந்தது. இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. கண்ணில் பட்டவர்மேல் பாய்கிற பரிவு, படாதவர்களை மறக்கடித்துவிடும் என்று உளவியலாளர் பால் புளூம் 2016-இல் ஒரு நூலே எழுதி வாதாடினார். நம் கடற்கரை அதை முன்பே பார்த்துவிட்டது.

கொடுத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் தேவையைக் கேட்டுக் கொடுக்கவும் வழி இருந்தது. அந்த நாட்களிலேயே நாகையில் அரசும் தன்னார்வ நிறுவனங்களும் கைகோத்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்த ஊருக்கு எது தேவை, யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று அங்கே விவரம் திரட்டினார்கள். அடுத்த புயலுக்கு லாரியில் மூட்டை ஏற்றும் முன், அப்படி ஓர் இடத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். துணி வேண்டாம், கூலிவேலைக்குப் பணம் வேண்டும் என்றால் பணமாகவே அனுப்புங்கள்.