பிடுங்கிய செடியா, வளர்த்த செடியா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காட்டுச் செடிகளை இயற்கை முறையில் வளர்த்து விற்பது பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நான் விவசாயம் படித்தவள் அல்ல. படித்தது பொதுசனத் தொடர்பில் டிப்ளோமா. ஆனால், இந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். அதுவும் கேமராவுக்கு முன்னால் செய்திருக்கிறேன். அதைச் சொல்லவாவது வர வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு குடும்பத்தோடு மலைப்பக்கம் போயிருந்தோம். சாலையோர மேசையில் குடுவைச் செடிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மலாய்க்காரர்கள் இதைப் 'பெரியுக் கெரா', அதாவது குரங்குப் பானை என்பார்கள். இந்தக் குடுவைக்குள் புளுட் அரிசியை அடைத்து வேக வைக்கும் லெமாங் உங்களில் பலர் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தச் செடியின் விலை பத்தே வெள்ளி. வாங்கி வந்து மறு வாரம் என் நிகழ்ச்சியில் தூக்கிக் காட்டினேன். "பாருங்கள் நேயர்களே, எவ்வளவு அழகு, எவ்வளவு மலிவு! அந்தப் பக்கம் போனால் தவறாமல் வாங்குங்கள்" என்று சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, அந்தச் செடிய யாரும் வளர்க்கல. காட்டுலேருந்து பிடுங்கிட்டு வந்திருக்காங்க. ரெண்டு மாசம் தாங்காது" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால், ஆறாவது வாரம் செடி கருகிப் போயிற்று. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அதில் வேரே இல்லை. கறுப்பு நூல் போல நாலைந்து அறுந்த துண்டுகள்தான் கிடந்தன.

அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். தோட்டத்து நர்சரியில் பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்புறத்தில் வலைப்பந்தல் போட்டுக் காட்டுச் செடிகள் வளர்க்கிறார். எல்லாம் அவர் கையால் நட்டுப் பெருக்கியவை. "குடுவைச் செடியோட வேர் கண்ணாடி மாதிரிம்மா. பிடுங்குனா ஒடஞ்சிடும். அதோட, மலைச் செடிக்கு ராத்திரியில குளிர் வேணும். நம்ம ஊரு வெயிலுக்கு அது எப்படித் தாங்கும்?" என்று விளக்கினார்.

அவர் பந்தலில் இருந்தவை தாழ்நிலத்து வகைகள். தண்டை வெட்டி நட்டால் வேர் விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். விற்கும் அளவுக்கு வளர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அந்த உழைப்பைக் கணக்குப் பார்த்துத்தான் அவர் விலை வைக்கிறார். வருகிறவர்களோ, "சாலையோரத்தில் பத்து வெள்ளிதானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எரு மட்டும் போதுமா?

இயற்கை முறை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எருதான். ரசாயன உரம் போடவில்லை, பூச்சி மருந்து அடிக்கவில்லை என்றால் போதும் என்று நினைக்கிறோம். காட்டுச் செடியைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்பதுதான்.

மூங்கில் குச்சியையும் சாணத்தையும் வைத்து வளர்த்தாலும், தாய்ச்செடி காட்டிலிருந்து திருடப்பட்டது என்றால் அதில் இயற்கை எங்கே இருக்கிறது? செடி நிற்கும் ஊடகத்துக்கும் இதே கேள்விதான். ஆர்க்கிட் செடிகளைக் கட்டி வைக்கும் மரப்பெரணித் தண்டு எங்கிருந்து வருகிறது? சியாத்தியா என்ற அந்த மரப்பெரணி இனமே அனைத்துலக வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மலை உச்சிக் காட்டின் பாசியும் காட்டுக்குள் மூட்டையாய் அள்ளி வரும் இலைமக்கும் ரசாயனம் கலக்காதவைதான். ஆனாலும் அவை காட்டின் சொத்து.

நம் பெரியவர் இவை எதையும் தொடுவதில்லை. தேங்காய் மட்டைத் துண்டு, சுட்ட உமி, செம்பனைக் குலைக் கழிவை மக்க வைத்த எரு, தன் வீட்டு மரத்தின் சருகு, இவைதாம் அவருடைய கலவை. குடுவைச் செடிக்கு எருவும் கிடையாது, மழைநீர் மட்டும்தான். சத்தில்லாத மண்ணில் வாழப் பழகியதால்தான் அது பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. வேரில் உரத்தைக் கொட்டினால் கருகிவிடும். பூச்சி தின்னும் செடிக்குப் பூச்சி மருந்து அடித்தால் அது எதைத் தின்னும்? நத்தையை இரவில் விளக்கு வைத்துக் கையால் பொறுக்குகிறார். செதில் பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் போதும் என்கிறார்.

மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்களின் வேரோடு ஒரு வகைப் பூஞ்சை கூட்டுச் சேர்ந்து வாழ்கிறது. அது மண்ணின் சத்தை மரத்துக்குக் கொடுக்கிறது, மரம் அதற்கு மாவுச் சத்தைக் கொடுக்கிறது. பூஞ்சைக்கொல்லியைத் தாராளமாக ஊற்றினால் அந்தக் கூட்டு கெடும். இந்த மரங்களின் விதையை எடுத்து வைக்கவும் முடியாது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூத்துக் காய்த்து உதிர்க்கும். சில வாரங்களுக்குள் விதைத்தால் முளைக்கும், தவறினால் போயிற்று.

எதை வளர்க்கலாம்?

தாழ்நிலக் குடுவைச் செடியைத் தண்டிலிருந்து வளர்க்கலாம். பிகோனியாவில் பல வகைகளுக்கு ஓர் இலை போதும், அதன் நரம்பிலிருந்தே குட்டிச் செடிகள் கிளம்பும். பறவைக்கூட்டுப் பெரணியின் இலைக்கு அடியில் பழுப்புக் கோடுகள் தெரியும். அந்தப் பொடியை ஈரமான கலவையில் தூவி மூடி வைத்தால் சில வாரங்களில் பச்சைப் படலம் தோன்றும். பெரணி அதிலிருந்து மெல்ல எழும்பும்.

மலாய்ப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பின் பயன்படுத்தும் காச்சிப் பாத்திமா காட்டு நிழலில் வளரும் சிறு செடி. வேரோடு பிடுங்கித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, வளர்க்காமல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் இல்லாமல் போகும். தண்டிலிருந்தும் இலையிலிருந்தும் இதை வளர்க்கலாம். ஆனால், செடியாக விற்பது வேறு, மருந்தாக விற்பது வேறு. மருந்து என்றால் சுகாதார அமைச்சின் பதிவு கட்டாயம் வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து உரிமம் இல்லாமல் செடி எடுப்பது குற்றம். குடுவைச் செடி இனங்கள் அனைத்தும் சைட்ஸ் உடன்பாட்டின் பட்டியலில் இருக்கின்றன. கினாபாலு வட்டாரத்தின் நெப்பந்தஸ் ராஜாவும் பாதணி ஆர்க்கிட் வகைகளும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு ஒரு தொட்டி அனுப்புவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வளர்த்த செடிதான் என்று காட்டப் பதிவேடு வைத்திருப்பவருக்கு அந்த வேலை எளிது.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

வரிசையாய் ஒரே அளவில் நிற்கிறதா? பையை லேசாகத் தட்டி எடுத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் வளர்த்த செடி. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இலையில் பாசியும் பழைய ஓட்டையும், அடியில் மஞ்சள் களிமண்ணும் அறுந்த வேரும் என்றால் சந்தேகப்படுங்கள். பிறகு, "தாய்ச்செடி எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். வளர்த்தவர் உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவார்.

நான் சாலையோர வியாபாரியைத் திட்ட வரவில்லை. மலிவாய்க் கேட்டவள் நான், வாங்கியவள் நான், நாலு பேரை வாங்கச் சொன்னவளும் நான்.

என் அம்மா செம்பனை நர்சரியில் பாலிபேக்கில் மண் நிரப்பியவர். வாய்க்கன்று எது, நோஞ்சான் எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிப்பார். ஒட்டுக் கட்டுவதிலும் பதியம் போடுவதிலும் தேர்ந்த கைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நேற்றுவரை பிறர் தோட்டத்துக்கு உழைத்த அந்தக் கைகள் நாளை இந்த மண்ணின் செடிகளை வளர்த்து, தங்கள் பெயரில் விற்கட்டுமே!

கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டைப் பார்த்திருப்பீர்கள். அது ஈயம் தோண்டிப் பாழான நிலம். 1920-களில் தொடங்கி மனிதர் கையால் நட்டு வளர்த்த அந்தக் காடு 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. காட்டையே வளர்க்க முடியும் என்றால் ஒரு தொட்டிச் செடியை வளர்க்க முடியாதா?

அந்தப் பெரியவரிடம் விலை பேசாமல் ஒரு செடி வாங்கினேன். அது என் வீட்டு வாசலில் இன்றும் குடுவை விட்டுக்கொண்டிருக்கிறது. அன்று சொன்னதை இன்று திருத்திச் சொல்கிறேன்: மலிவு என்பதற்காக வாங்காதீர்கள், வளர்த்தவரிடம் வாங்குங்கள்.