குளித்த தண்ணீரும் கொல்லை வாழையும்

(புதுக்கோட்டை மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேசுவார்கள் என்று வந்திருக்கிறீர்கள். நாம் சாக்கடைத் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறோம். கட்சிக்கு வேறு வேலை இல்லையா என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுக்கிறார். பொறுத்துக் கேளுங்கள், தோழரே! இதுவும் கூலி விவகாரந்தான்.

நம் மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை கொஞ்சம் நனைகிறது. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயிலும் ஊருணியிலும் நின்றால் உண்டு. நிற்காவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நடப்பவர் யார்? நம் வீட்டுப் பெண்கள்! 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஊரே வியந்தது. அந்தச் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் தண்ணீர்க் குடந்தான்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீர் ஒரே தடவை உடம்பில் பட்டுத் தெருவுக்கு ஓடிவிடுகிறது. கணக்குப் பாருங்கள். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 275 லிட்டர். ஏட்டில் உள்ளபடி குழாயில் வந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கு குளித்த நீராக, துவைத்த நீராக, பாத்திரம் தேய்த்த நீராக வெளியேறும். அதாவது சுமார் 180 லிட்டர், 12 குடம்! அது எங்கே போகிறது? மேட்டுத் தெருவிலிருந்து பள்ளத்துக்கு. பள்ளத்தில் இருப்பது யார் குடியிருப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தேங்கிக் கொசு பெருகி, வைத்தியச் செலவாக நம் கூலியிலேயே கை வைக்கிறது.

அந்த 12 குடத்தைக் கொல்லைக்குத் திருப்ப என்ஜினீயர் தேவையில்லை. குளிக்கும் தட்டிக்குள் தரையைச் சற்றுச் சரிவாகப் போடுங்கள். தண்ணீர் விழுகிற இடத்தில் சிறு குழி தோண்டி, அடியில் ஜல்லி, மேலே அடுப்புக்கரி, அதன்மேல் மணல் போடுங்கள். பாத்திரம் தேய்த்த நீரில் பருக்கையும் எண்ணெயும் வரும். வாய்க்காலில் கொஞ்சம் தென்னை நாரை அடைத்து வையுங்கள், அழுக்கேறியதும் மாற்றுங்கள். அங்கிருந்து ஒரு சாண் அகல வாய்க்கால் வாழைக்குப் போகட்டும். வாழையும் சேம்பும் கல்வாழையும் எவ்வளவு தண்ணீரையும் குடிக்கும். முருங்கை அப்படியல்ல, வேரில் நீர் நின்றால் அழுகிவிடும். அதற்கு அளவாக விடுங்கள்.

100 நாள் வேலையில் நம் தோழர்கள் எத்தனையோ உறிஞ்சு குழி வெட்டினார்கள். மணற்பாங்கான இடத்தில் குழி உறிஞ்சும். நம் ஊர்ச் செம்பாறையிலே அது தொட்டிபோல நிற்கும். ஆகையால் இங்கே செடிதான் நல்ல குழி!

சில எச்சரிக்கைகள். கழிப்பறை நீர், குழந்தையின் மலத்துணி அலசிய நீர் இதில் சேரவே கூடாது. கிணற்றுக்கும் அடிபம்புக்கும் 30 அடியாவது தள்ளி விடுங்கள். ஒரு நாளைக்கு மேல் தேக்கி வைத்தால் நாறும். பச்சையாகத் தின்னும் கீரை, வெங்காயத்துக்கு இது வேண்டாம். சலவைச் சோடா அதிகம் கலந்த முதல் தண்ணீரை விலக்கி, அலசிய தண்ணீரை விடுங்கள். சோடா மண்ணை இறுக்கிவிடும். ஒரு தோழர் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே வாழைக்கு ஊற்றி, இலை கருகிய பிறகு நம்மைக் குறை சொன்னார்!

“கொல்லையே இல்லாதவன் என்ன செய்வான்?” இதுதான் நம்முடைய கேள்வி. மிராசுதாரின் மண்ணில் குடிசை போட்டவன் ஒரு வாழை நட்டாலும் உரிமை கேட்பானோ என்று பயந்த காலம் உண்டு. போராட்டங்களின் பயனாகத்தான் 1971-இல் குடியிருப்பு மனைகளை உழைப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இன்னும் பட்டா இல்லாத குடும்பங்கள் எத்தனை! ஆலைத் தோழர்கள் ஒரே சுவரை ஒட்டிய வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். அவர்கள் பத்து வீட்டு நீரையும் ஒரே வாய்க்காலில் சேர்த்துப் பொதுவில் நாலு வாழை வைக்கலாம், வீட்டுக்காரர் சம்மதித்தால்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளித்த நீரைத் திருப்பிப் பயன்படுத்தச் சொல்லும் அதிகாரிகள், குடிக்கும் நீரைப் பற்றிக் கேட்டால் வாய் திறப்பதில்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வாழைக்கு மிச்ச நீர் போதும். மனிதனுக்குச் சுத்தமான நீர் வேண்டும். முதலாவது நம் கைவேலை, இரண்டாவது அரசின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிக்க விடாதீர்கள்.

மார்ச் 22 தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூட்டப்படும் என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அன்று தெருவாரியாக எழுதிக் கொண்டு வாருங்கள்: எந்தக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை எத்தனை குடம் வருகிறது, எந்தப் பள்ளத்தில் சாக்கடை நிற்கிறது, யாருக்குப் பட்டா இல்லை. எழுதத் தெரியாதவர்கள் இன்றிரவே சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.