மானியம் முடிந்த பிறகு

(சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், பல்கலைக்கழக ஆசிரியையாகப் பணியாற்றி இளைப்பாறிய பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பேசுவதற்கு இன்று பலர் இருக்கிறார்கள். என்னிடம் செயலாளர் கேட்டது வேறு. "அக்கா, பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, உலக வங்கி கொடுக்கிறது என்று கேள்விப்படுகிறோம். அது எங்கே போகிறது? நாங்கள் ஏதாவது செய்வதானால் எதற்குச் செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கோ" என்றார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் என்னால் இயன்ற மறுமொழியே இந்த உரை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்ற பெயர் இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் இசட் புள்ளி வந்ததும் நாங்கள் எல்லோரும் தேடுகிற பெயர் அது. வெட்டுப்புள்ளி, அனுமதிக் கைந்நூல், மாவட்டக் கோட்டா என்பவற்றோடு அது எங்கள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் பெயரைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். அதன் நடுவில் இருப்பது மானியம் என்ற சொல். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த ஆணைக்குழுவின் கடமைகளில், பாராளுமன்றம் ஒதுக்கும் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது முக்கியமான ஒன்று. மாணவர் அனுமதி அதன் இன்னொரு வேலை.

மானியம் என்பது எங்கள் பாடசாலைகளுக்குப் புதிய சொல் அல்ல. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவான பின்னர், மிஷன்களும் சபைகளும் தனியாரும் நடத்திய பாடசாலைகள் உதவி நன்கொடை பெற்றே வளர்ந்தன. பரிசோதகர் வந்து பிள்ளைகளைப் பரீட்சிப்பார். பெறுபேற்றைப் பார்த்துப் பணம் வரும். 1960, 61இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை நன்கொடை முறை ஏதோ ஒரு வடிவத்தில் தொடர்ந்தது. அந்தப் பணம் முழுச் செலவுக்கும் ஒருபோதும் போதவில்லை. கிணறு, மதில், விடுதிக் கூரை, பியானோ என்று மிகுதியைப் பெற்றோரும் பழைய மாணவிகளும்தான் தாங்கினார்கள். இப்படிப்பட்ட சங்கங்கள் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பல்கலைக்கழகத்தின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீண்டது. யாழ்ப்பாணத்துக்கு வளாகம் வந்தது 1974இல். அது திருநெல்வேலியில் எந்தக் கட்டடங்களில் தொடங்கியது? சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில். ஒரு தனிமனிதரின் கொடை முன்னே வந்தது; அரசாங்கத்தின் மானியம் பின்னே வந்து அதன்மேல் கட்டியது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, இன்றைய பணம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அது மூன்று வழிகளால் வருகிறது.

முதலாவது, திறைசேரியிலிருந்து ஆணைக்குழு ஊடாக ஒவ்வோர் ஆண்டும் வருவது. அதில் மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு என்று இரு கணக்குகள். மீண்டெழும் செலவின் பெரும்பகுதி சம்பளம். மிஞ்சுவதில்தான் மின்சாரம், தண்ணீர், நூலகச் சஞ்சிகை, இரசாயனப் பொருட்கள் எல்லாம். கட்டடமும் கருவியும் மூலதனக் கணக்கு. நாட்டுக்கு நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது இந்த இரண்டாவது கணக்கு. 2022இல் அதைக் கண்ணாரக் கண்டோம்.

இரண்டாவது, மாணவர் கைக்கு நேரே போவது. லலித் அத்துலத்முதலி அவர்கள் தொடங்கிய மகாபொல நிதியம் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மாதம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொலவை 7,500 ஆக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இன்றைய விலையில் ஓர் அறை வாடகையும் மூன்று நேரச் சாப்பாடும் என்ன ஆகும் என்பதை இங்குள்ள தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதுதான் செயலாளர் கேள்விப்பட்ட பணம். உயர்கல்வியின் தரத்தை உயர்த்த அரசாங்கம் உலக வங்கியோடு சேர்ந்து நடத்திய திட்டங்கள். 2003இல் ஒன்று, சுமார் 40 மில்லியன் டொலர். அதைச் சுருக்கமாக இர்க்கியூ என்போம். 2010இல் இன்னொன்று, அதுவும் 40 மில்லியன். 2017இல் அஹெட் என்ற திட்டம், 100 மில்லியன். இவற்றில் ஒரு புதுமை இருந்தது. எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்காமல், போட்டிக்கு விட்டார்கள். ஒரு துறையோ பீடமோ தன் குறைகளைத் தானே எழுத வேண்டும். அவற்றைத் தீர்க்கத் திட்டம் எழுத வேண்டும். வெளியார் அதை மதிப்பிடுவார்கள். வென்றால் பணம் தவணை தவணையாக வரும்.

இந்த முறையால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். தன்னைத் தானே மதிப்பிடும் பழக்கமும் வெளி மதிப்பீட்டாளரை உள்ளே விடும் பழக்கமும் எங்கள் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். 2010இன் திட்டத்தில் இளம் விரிவுரையாளர்கள் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் போனார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்கள் இன்று துறைத் தலைவர்கள். அஹெட் திட்டத்தில் கற்றல், கற்பித்தல், கணிப்பீடு, ஆங்கிலத் திறன் என்பவற்றுக்கென்றே பீடங்களுக்கு மானியம் கொடுத்தார்கள்.

இதில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பங்கு? இன்று இலங்கையில் பல்கலைக்கழகம் புகுவோரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். கலைப்பீட வகுப்பறைக்குள் போனால் பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் முகங்களே தெரியும். பட்டம் முடித்து வேலைக்குக் கனகாலம் காத்திருப்பவர்களிலும் அந்தப் பிள்ளைகளே அதிகம். ஆகவே கலைப்பீடத்து ஆங்கில வகுப்பு நன்றாக நடக்கிறதா இல்லையா என்பது எங்கோ ஒரு கோப்பில் இருக்கிற விடயம் அல்ல. இந்தப் பாடசாலையிலிருந்து வருடா வருடம் போகிற பிள்ளைகளின் சீவியம் அதில் தங்கியிருக்கிறது.

அதனால்தான் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் மதிப்பீட்டுக் குழுவில் ஒருத்தியாகப் போன ஒரு பீடத்தில் மொழி ஆய்வுகூடம் ஒன்றைக் காட்டினார்கள். நாற்பது கணினிகள், தலையில் மாட்டும் ஒலிவாங்கிகள், குளிரூட்டி, எல்லாம் மானியத்தில் வாங்கியவை. கதவில் பூட்டு. ஏன் என்று கேட்டோம். போதனாசிரியர் இருவரைத் திட்டப் பணத்தில் ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்தார்கள். திட்டம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. நிரந்தர ஆளணி வேண்டுமானால் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அது வரவில்லை. மென்பொருள் உரிமம் காலாவதி. குளிரூட்டி திருத்துவதற்கு வாக்குப்பணம் இல்லை. ஒருவரும் களவெடுக்கவில்லை. ஒவ்வொரு பற்றுச்சீட்டும் ஒழுங்காக இருந்தது. கணக்காய்வில் அந்த ஆய்வுகூடம் சித்தி. பிள்ளைகளுக்கு மட்டும் அது இல்லை.

அதே காலத்தில் வேறொரு பீடத்தில் சின்னத் துறை ஒன்றைப் பார்த்தோம். அவர்கள் கேட்ட தொகை குறைவு. அதில் இரண்டு இளம் விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி, பாடத்திட்டத் திருத்தம், நூலகத்துக்குச் சில புத்தகங்கள். கருவி என்று சொல்ல ஒரு ஒளியெறிகருவிதான். திட்டம் முடிந்தும் அந்த இருவரும் அங்கேயே படிப்பிக்கிறார்கள். திருத்திய பாடத்திட்டம் தொடர்ந்து நடக்கிறது.

வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். முதலாவது பீடத்தில் மானியம் முடிந்த மறுநாள் யார் சம்பளம் கொடுப்பது, யார் திருத்துவது என்ற கேள்வியைத் தொடக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மூலதனக் கணக்கில் வந்த பொருளை மீண்டெழும் கணக்கு தாங்க வேண்டும். அது தாங்காவிட்டால் பொருள் தூசி பிடிக்கும். எந்த மானியத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்து நாங்கள் அளக்கலாம்.

இன்னொரு விடயமும் உண்டு. பீடத்துக்கு மானியமாக வருகிற பணத்தின் பெரும்பகுதி நாட்டுக்குக் கடன். அஹெட் தொடங்கியபோது ஒரு டொலர் ஏறத்தாழ 150 ரூபாய். இன்று அது 300 ரூபாய் அளவில் நிற்கிறது. கடன் டொலரில்; வரி ரூபாயில். சவர்க்காரக் கட்டி வாங்கும்போது 18 வீதப் பெறுமதி சேர் வரி கொடுக்கிற மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும், முல்லைத்தீவுக் கடற்றொழிலாளியின் மனைவியும் அதைக் கட்டுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழக வாசலையே காண்பதில்லை. பூட்டிய ஆய்வுகூடம் ஒன்றைப் பார்க்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? ஒரு சங்கத்தால் அரசாங்கத்தின் வேலையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இலவசக் கல்விக்குப் பணம் ஒதுக்குவது அரசாங்கத்தின் கடமை. நாங்கள் கைவைத்துவிட்டோம் என்று அது கையை எடுக்க இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் மானியம் எட்டாத இடங்கள் சில உண்டு. அவை சின்ன இடங்கள். எங்கள் கைக்கு எட்டுபவை.

முதலில், பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் பதிவு செய்த நாளுக்கும் முதல் உதவிப்பணம் வருகிற நாளுக்கும் இடையில் மாதக்கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. அந்த நேரம்தான் அறைக்கு முற்பணம், பஸ் காசு, மடிக்கணினி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதும் அப்போதுதான். எங்கள் பாடசாலையிலிருந்து அனுமதி பெறுகிற பிள்ளைகளுக்கு அந்த மாதங்களைத் தாண்ட ஒரு சுழற்சி நிதி வைக்கலாம். வேலை கிடைத்த பின் திருப்பித் தந்தால் அடுத்த பிள்ளைக்கு உதவும்.

அடுத்தது, நீங்கள் ஏதாவது பல்கலைக்கழகத் துறைக்குப் பொருள் வாங்கிக் கொடுக்க நினைத்தால், பொருளின் விலையோடு ஐந்து வருடப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். பத்துக் கணினி கொடுப்பதற்குப் பதில் ஆறு கொடுத்து, மிகுதியைத் திருத்த வேலைக்கு வையுங்கள். திறப்பு விழாப் படத்தில் ஆறு கணினி குறைவாகத்தான் தெரியும். பரவாயில்லை.

மூன்றாவது, பணமே தேவையில்லாதது. எங்கள் சங்கத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் பேராசிரியைகளாக, ஆய்வாளர்களாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டி மானியத்தில் வெல்வதற்குத் திட்டம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பழைய, பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கு அனுபவசாலிகள் உண்டு. கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா போன்ற இளைய நிறுவனங்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. நல்ல யோசனை இருந்தும் எழுத்தில் தோற்றுப்போகிற துறைகள் உண்டு. ஒரு வரைவை வாசித்து, "இந்த ஆய்வுகூடத்தை நாலாவது வருடம் யார் நடத்துவார்?" என்று பக்க ஓரத்தில் எழுதி அனுப்ப உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். அந்தக் கேள்வியை மதிப்பீட்டுக் குழு கேட்பதற்கு முன் எங்கள் அக்காமார் ஒருவர் கேட்டுவிட்டால், துறைக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது.

பின்வரிசைத் தங்கைமாருக்கு ஒரு சொல். நீங்கள் பல்கலைக்கழகம் போகும்போது அங்குள்ள எல்லாவற்றுக்கும் யாரோ வரி கட்டியிருக்கிறார்கள். அது உங்கள் உரிமை. தலை குனிந்து வாங்க வேண்டிய பிச்சை இல்லை. அதனால்தான் பூட்டிய கதவைக் கண்டால் அது ஏன் பூட்டியிருக்கிறது என்று மரியாதையோடு கேளுங்கள். மாணவர் பிரதிநிதியாக இருந்தால் பீடச் சபையில் கேளுங்கள். திறந்துவிட்டால் போய் இருந்து படியுங்கள். ஆள் வராத வகுப்புக்கு அடுத்த வருடம் பணம் கேட்க ஒருவராலும் முடியாது.

நூறு வருடங்களுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பல்கலைக்கழகம் கண்டவர்கள் மிகச் சிலர். தாங்கள் காணாததைத் தங்கள் பிள்ளைகள் காண வேண்டுமென்று சில்லறை சேர்த்தார்கள். இப்போது கண்டவர்கள் நாங்கள். சுழற்சி நிதி பற்றிய தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் நிர்வாகக் குழு எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். வரைவுகளை வாசிக்க விரும்புபவர்கள் இன்று போகும் முன் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். என் பெயரை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.