கணக்குக் கேட்பதற்கு முன்



தலைமை தாங்குபவர் மாநாட்டுப் பொருளை நாலு வார்த்தை விளக்கி, வந்தவர்களை வாழ்த்தி, நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நம் மரபு. நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன், மற்றதற்கு உறுதி சொல்ல முடியாது. ‘பொது சுகாதாரத்தில் தன்னார்வலர்களை வழிநடத்துதல்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். காலையில் அழைப்பிதழை மறுபடி புரட்டினேன். பேசப்போகிறவர்கள் 14 பேர். மருத்துவர்கள், பேராசிரியர்கள், அதிகாரிகள். தன்னார்வலர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் பின்வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஓய்வு பெறும் முன் நானும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதாந்திர ஆய்வுக்கூட்டம் நடத்தியவன்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியபின், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் பி.பி. கருவியும் சுகர் பார்க்கும் கருவியுமாக வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். அப்படியொரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “சார், என் பட்டியலில் ஒரு வாட்ச்மேன் இருக்காரு. ரெண்டு மாசத்துக்குக் கொடுத்த பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே இருக்கு” என்றார். ஏன் என்றும் அவரே விசாரித்து வைத்திருந்தார். மனுஷர் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது மாத்திரை போடுவார். அது சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை. காவல் நிற்கிற கேட்டருகே கழிப்பறை கிடையாது. இரவெல்லாம் அவஸ்தை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசித்தாலே போதும், வழி பிறந்திருக்கும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? “சரிம்மா, இந்த மாசம் மொத்தம் எத்தனை வீடு?” அவர் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதமும் எண்ணிக்கை சொன்னார். அதற்கடுத்த மாதமும். இலக்கை எட்டியவர் என்று அவரைப் பாராட்டிக்கூடப் பேசினேன். என் பணிக்காலத்தில் ஒரு தன்னார்வலரை நானே வளரவிடாமல் செய்தது அன்றைக்குத்தான்.

இது என்னோடு தொடங்கிய வியாதி இல்லை. 1977 அக்டோபரில் மத்திய அரசு ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒரு சமூக சுகாதாரப் பணியாளர்; மூன்று மாதப் பயிற்சி; மாதம் 50 ரூபாய். நல்ல எண்ணம்தான். ஆனால் தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கர்ப்பிணியின் பிரச்சினையை ஓர் ஆணிடம் யார் போய்ச் சொல்வார்கள்? பயிற்சி முடிந்த கையோடு அவர்களை மறந்தும்விட்டோம். பணம் அரசிடமிருந்து வந்ததால் ஊருக்கும் அவர்கள் தம் ஆளாகத் தோன்றவில்லை. கடைசியில் வேலை நிரந்தரம் கேட்டுச் சங்கம் வைத்தார்கள். கேட்டதில் தப்பென்ன?

அதே காலத்தில் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் 1970-இல் அங்கே போனார்கள். முதலில் செவிலியர்களைக் கிராமங்களில் தங்கவைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. பிறகு அந்தந்த ஊரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும் என்றார்கள். வந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தலித் பெண்களும் உண்டு. அவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுத்து, சான்றிதழை நீட்டி, வழியனுப்பிவிடவில்லை. வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வருவார்கள். அந்த வாரம் எந்த வீட்டில் என்ன பார்த்தார்கள், எங்கே திகைத்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். அதிலிருந்துதான் பாடமே தொடங்கும். அரோலே தம்பதியருக்கு 1979-இல் மகசேசே விருது கிடைத்தது. எனக்கு விருதைவிட அந்த வாராந்தர உட்காரல்தான் பெரிதாகப் படுகிறது. நம் ஆய்வுக்கூட்டமும் உட்காரல்தான். அங்கே கேட்பவர் யார், சொல்பவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

கோழிக்கோடு இன்னும் ஒரு படி மேலே போனது. 1993-இல் மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலி தணிப்பு மையத்தால் படுத்த படுக்கையானவர்களின் வீடு வரை போக முடியவில்லை. ஆகவே மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தாரையே சேர்த்தார்கள். வாரம் இரண்டு மணி நேரமாவது தர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. பிறகு 16 மணி நேர வகுப்பு, நான்கு நாள் நோயாளிகளோடு. கடைக்காரர், ஆசிரியர், மாணவர் எல்லாரும் வந்தார்கள். சில்லறைச் சில்லறையாய் நன்கொடை திரட்டி, மருத்துவரையும் செவிலியரையும் வேலைக்கு வைத்ததே அந்தத் தன்னார்வலர் குழுக்கள்தான். யாரைப் பார்க்கப் போவது என்று அவர்கள் முடிவு செய்ய, மருத்துவர் பின்னால் போகிறார். நம்மில் சிலருக்கு இதைக் கேட்கவே கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எனக்கும் இருந்தது. 2008-இல் கேரள அரசே வலி தணிப்புக்கென ஒரு கொள்கை கொண்டுவந்தது.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றி முணுமுணுக்காமல் இருக்க முடியவில்லை. வாரம் இரண்டு மணி நேரம் தருகிறவர் தன்னார்வலர். தினமும் காலையில் பை மாட்டிக்கொண்டு கிளம்பி, பதிவேடு எழுதி, கைப்பேசிச் செயலியில் ஏற்றி, இலக்கு எட்டாவிட்டால் பேச்சும் வாங்குகிறவரை எந்த அகராதிப்படி தன்னார்வலர் என்கிறோம்? ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு 2022-இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. விருதில் அவர்களுக்குப் பெயர் உலக சுகாதாரத் தலைவர்கள். சம்பளம் என்று வாய் திறந்தால் தன்னார்வலர்கள். தலைமைப் பண்பு பற்றி நாம் கட்டுரை வாசிக்கும்முன் இதை நேர்செய்ய வேண்டும். ஊக்கத்தொகை மூன்று மாதம் தாமதமானால் எந்த வழிநடத்தலும் காதில் ஏறாது.

மற்ற தலைப்புகளை அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டு முடிக்கிறேன். மாநாட்டுத் தலைவருக்கு நிகழ்ச்சி நிரலை முன்பின் மாற்றும் உரிமை உண்டு என்று அமைப்பாளர்கள் நேற்றிரவு வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன். முதல் கட்டுரை மதியத்துக்குப் போகட்டும்; கட்டுரையாளர் என் நண்பர், கோபிக்கமாட்டார். இப்போது பின்வரிசையில் இருக்கும் அம்மாக்கள் முன்னால் வரவேண்டும். இந்த மாதம் நீங்கள் போன வீடுகளில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்த ஒரு வீட்டைப் பற்றி, ஒருவர் பின் ஒருவராகச் சொல்லுங்கள். எண்ணிக்கை வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் நாங்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறோம். அந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கொடுங்கள், தம்பி.