ஓரியின் குன்றும் சாமைச் சோறும்



வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு ஒரு விருந்தைக் காட்டுகிறது. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் காட்டிடையே காண்கிறது. மார்பில் ஆரம் தாழ்ந்திருப்பதால் இவன் ஊன் விற்றுப் பிழைப்பவன் அல்லன், ஓரியோ வேறு எவனோ எனப் புலவர் ஐயுறுகிறார். இருபத்தொரு துறையும் பாடி முடித்து அவர் 'கோ' என்றதும், அது தன் பெயராதலின் அவன் நாணுகிறான். பின்னர்த் தான் கொன்ற மானின் வேகவைத்த தசையையும் நெய்யை உருக்கினாற்போன்ற மதுவையும் தந்து, தன் மலையின் பொன்னையும் மணியையும் அளிக்கிறான். வகுப்பறைகளில் பொன்னும் மணியும் விரிவாகப் பேசப்படும். தசையும் மதுவும் விரைந்து கடந்துபோகும். ஆயினும், பாணர் கைக்கு முதலில் வந்தது உணவே.

அந்த ஓரியின் கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து எழும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. திருச்சி மாவட்டப் பக்கத்துப் புளியஞ்சோலையிலிருந்து நடந்தே ஏறுவோரும் உளர். பேருந்தில் ஏறுவோர் வளைவுகளை எண்ணுகின்றனர். நடந்து ஏறுவோர்க்கே கபிலரும் பரணரும் துணைவருவர்.

ஏறியவர் முதலில் நாடுவது வளப்பூர் நாட்டில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலை. தேவார வைப்புத்தலம் அது. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்தியே பாடப்பட்டது. கோயிலருகே ஓடும் ஐயாற்று மீன்களை மக்கள் தெய்வமாகக் கருதி உணவிடுகின்றனர். அவ்வாறே சற்றுத் தொலைவில் ஆகாய கங்கையாக வீழ்கிறது. அருவியின் அடிக்குச் செல்ல ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்குவது எளிது, ஏறும்போதுதான் மூச்சு தன் கணக்கைக் கேட்கும். படகுத்துறை, காட்சி முனை முதலியன உல்லாசப் பயணிகளுக்கு உரியவை. அவற்றைப் பற்றி இவண் பேச வேண்டியதில்லை.

படிகளின் தொடக்கத்தில் முடவாட்டுக்கால் கிழங்குச் சாறு விற்கிறார்கள். பாறைகளில் பற்றிப் படரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. ஆட்டுக்கால்போல் மயிர் அடர்ந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. மிளகும் சீரகமும் இட்டுக் காய்ச்சிய அச்சாறு களைப்பைப் போக்குகிறது என்பர். பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு எல்லாம் சந்தையில் கிடைக்கும். ஆயின் மலையின் சோறு எது?

கபிலரின் குறுந்தொகை 100ஆம் பாட்டில் கொல்லிப்பாவை உவமையாக வருகிறாள். தலைவியின் மடமைக்கு அவளை ஒப்பிடும் அப்பாட்டே, ஐவனமாகிய மலைநெல் விதைத்துக் களை பறிக்கும் சிற்றூரார் பசித்தபோது யானைக்கொம்பை விற்று உண்டனர் என்றும் சொல்கிறது. பாவையின் அழகைப் பாராட்டுவோர் அந்தப் பசியைக் காண்பதில்லை. விதைத்தவர் வீட்டிலும் பசி இருந்தது. கொம்பு அதற்கு விலையாயிற்று.

இன்று மலையில் வாழும் மலையாளி எனும் பழங்குடியினர் தமிழே பேசுவோர். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவையே தலைமுறை தலைமுறையாக இவர்தம் உணவு. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை, மூக்காந்தினை, செந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என ஒவ்வொரு விதைக்கும் ஒரு பெயர் உண்டு. அகராதிக்குள் இன்னும் முழுமையாகப் புகாத சொற்கள் இவை. கல்வெட்டில் ஒரு சொல் சிதைந்தால் வருந்துவோர் தமிழுலகில் பலர். ஒரு விதை அழியும்போது அதன் பெயரும் உடன் அழிகிறது என்பதை எண்ணுவோர் சிலரே.

இப்பயிர்களின் நிலம் சுருங்கியதற்குக் காரணங்கள் பல. சமவெளியின் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குப் பணம் தந்தன. நியாயவிலைக் கடை வழியே நெல்லரிசி மலையேறியது. இவற்றோடு பெண்களின் தோள்வலியையும் சேர்த்தே எண்ணவேண்டும். சாமையை உரலிலிட்டுப் பலமுறை குத்திப் புடைத்தாலன்றி உமி நீங்காது. நாளெல்லாம் நிலத்தில் உழைத்துத் திரும்பிய பெண், மறுபடியும் உலக்கை பிடிக்கவேண்டும். அவள் ஆயத்தமான அரிசியை நாடியதில் குற்றம் என்ன? தொன்மை அழிகிறதே என வருந்துவோர் அந்த உலக்கையை ஒருநாள் பிடித்துப் பார்த்துவிட்டு வருந்துவது நல்லது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் பணியாற்றியபோது இதனை உணர்ந்தே நடந்தது. விதை காப்பதோடு நில்லாமல், உமி நீக்கும் எந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுசென்று மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது பின்னர் வந்த செய்தி.

ஓரி, காரியின் கையால் மாண்டான். கொல்லி சேரர்க்குப் போயிற்று. ஆயினும் ஆண்டுதோறும் ஆடியில் அரசு அவனுக்கு மலைமேல் விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நிகழ்கிறது. அந்நாளில் செல்லும் கவிஞர்களுக்குச் சாமை பசும்பயிராகவே காட்சிதரும். அதைச் சோறாகக் காண விரும்புவோர் அறுவடை முடியும் ஐப்பசியில் இன்னொருமுறை மலையேற வேண்டும்.