வயர் வந்து சேரும் இடம்



இந்த உரையை டிரான்சிஸ்டர் ரேடியோவில் கேட்பவர்கள் இன்றைக்கும் சிலராவது இருப்பீர்கள். அந்தப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் (உரை முடிந்த பிறகு கழற்றுங்கள்) நடுவில் ஒரு பலகையும் அதில் நெருக்கமாகப் பதித்த பாகங்களும் தெரியும். அந்தப் பாகங்கள் லேசில் கெடுவதில்லை. கெடுவது வேறு இடம். பெட்டரிக் கூட்டிலிருந்து வரும் சிவப்பு வயரும் கறுப்பு வயரும், ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டும், ஏரியல் கம்பியிலிருந்து வரும் ஒன்றும் பலகையைத் தொடுகிற இடத்தில்தான் அறும். "காக்கா, ரேடியோ பேசுதில்ல" என்று கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள கடைக்குக் கொண்டுபோனால், கைப்பழக்கமுள்ள பாஸ் ஒருவர் முதலில் அந்த முனைகளைத்தான் விரலால் மெதுவாக ஆட்டிப் பார்ப்பார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் வயரை ஈயம் வைத்துப் பிடிக்கப் பலகையில் விடும் அந்தச் சின்னச் செப்பு வட்டத்தை வடிவமைப்பவர்கள் பேட் என்கிறார்கள். அதைக் கணினியில் வரைவது எப்படி, அதில் கைத்திறன் எங்கே இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. ஒரு பலகை, அதாவது போர்ட், நல்ல கையால் வரையப்பட்டதா என்று அறிய நான் அதன் நடுவிலுள்ள சிப்பைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் வயர் வந்து சேரும் இடத்தைப் பார்ப்பேன்.

ஒரு காலத்தில் ரேடியோ முழுவதுமே வயர்தான். வால்வுகளின் கால்களுக்கு இடையே கம்பி கம்பியாகக் கையால் இழுத்து ஈயம் வைத்தார்கள். வியன்னாவில் பிறந்து 1936இல் லண்டன் போய்ச் சேர்ந்த பால் ஐஸ்லர் என்ற பொறியியலாளர், செப்புத் தகட்டை அச்சுத் தொழிலின் முறையில் அரித்தெடுத்துச் சுற்று அமைத்து, அதை வைத்தே ஒரு ரேடியோவும் செய்து காட்டினார். உள்ளே ஓடிய கம்பிகளையெல்லாம் அந்தச் செப்புக் கோடுகள் விழுங்கிவிட்டன. ஆனால் பெட்டரி பலகைக்கு வெளியே இருக்கிறது, ஸ்பீக்கரும் மோட்டாரும் வெளியே இருக்கின்றன. அங்கே போகும் வயரை எந்த அச்சும் விழுங்க முடியாது.

இனிக் கணினிக்கு வருவோம். இலங்கையின் தென்கிழக்குக் கரையில், நம் ஒலுவில் வளாகத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இந்தக் கரையோரத்தில் போர்ட் வரையப் பழகும் பிள்ளைகள் அங்கும் இருக்கிறார்கள், வீட்டு மேசையில் தானாகப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க எல்லோராலும் முடியாது. அவர்களுக்குக் கிடைத்த பெரிய கொடை கீகாட். பிரான்சின் கிரெனோபிளில் ஜான்-பியேர் ஷரா 1992இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. பிறகு ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடமும் சேர்ந்து அதை வளர்த்தது. துகள்களை மோதவிடும் கூடத்தின் பொறியியலாளர்கள் பயன்படுத்துவதையே பாலமுனையிலோ நிந்தவூரிலோ இருக்கும் ஒரு பிள்ளையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

அந்தக் கீகாட்டில் புதிதாக வருபவர் தடுமாறும் இடம் இதுதான். சுற்றுப்படம் வரைந்தாயிற்று, பலகையும் வரைந்தாயிற்று, பெட்டரி வயரைப் பிடிக்க ஓரமாக ஒரு வட்டம் வேண்டும். தேடினால் தனியாகப் பேட் போடும் கட்டளையே இல்லை. கோடு வரைய விடுகிறது, துளை போட விடுகிறது, பேட் மட்டும் தனியாகப் போட விடுவதில்லை. கோபம் வரத்தான் செய்யும். உடனே குறுக்குவழி தேடுவார்கள். மேல் செப்பையும் கீழ்ச் செப்பையும் இணைக்கும் வயா என்ற சிறு துளையை ஓரத்தில் வைத்து, அதில் வயரை நுழைத்தால் போதும் என்று நினைப்பார்கள். வயாவின் துளை வழக்கமாக 0.3 அல்லது 0.4 மில்லிமீற்றர்தான். பெட்டரி வயரின் செப்பு அதற்குள் நுழையாது. போதாததற்கு, ஈயம் ஒட்டாமல் தடுக்கும் பச்சைப் பூச்சு வயாவின் மேல் மூடிக்கொண்டு வரும். பிளேட்டால் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

கீகாட் இப்படிப் பிடிவாதம் பிடிப்பது சரி என்பது என் கருத்து. பேட் என்பது ஒரு பாகத்தின் காலாக இருக்க வேண்டும், அந்தப் பாகம் சுற்றுப்படத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆகவே பெட்டரி வயர் இரண்டுக்கும் சுற்றுப்படத்திலேயே இரண்டு காலுள்ள ஒரு கனெக்டரை வரைய வேண்டும். ஒரே வயர் என்றால் ஒரு காலுள்ளது போதும். பிறகு அந்தக் கனெக்டருக்குப் பலகையில் என்ன வடிவம் (ஃபுட்பிரிண்ட்) என்று தேர்ந்தெடுக்கும்போது, வயருக்கென்றே இருக்கும் நூலகத்திலிருந்து பேட்டை எடுத்துக் கொடுக்கிறோம். இவ்வளவு சுற்றிப் போவது எதற்கு? வெளியே என்ன இணைகிறது என்பது படத்திலேயே எழுத்தில் வந்துவிடுகிறது. எந்தப் பேட் எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று மென்பொருளுக்கும் தெரிகிறது. மறந்தால் எச்சரிக்கிறது. பிளஸ்ஸை மைனஸ் கோட்டில் தொடுத்தால் விடாது. சுற்றுப்படத்தைத் தாண்டி நேரே பலகையில் பேட் உள்ள ஃபுட்பிரிண்டைக் கொண்டுவந்து வைக்கவும் வழி இருக்கிறது. அப்படி வைத்தால் அதன் பண்புகளில் 'சுற்றுப்படத்தில் இல்லை' என்ற குறியைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை படத்திலிருந்து பலகையைப் புதுப்பிக்கும்போது, படத்தில் இல்லாததை நீக்கு என்ற கட்டத்தில் தவறி ஒரு டிக் விழுந்திருந்தால், உங்கள் பேட் சத்தமில்லாமல் போய்விடும்.

கீகாட்டின் வயர் நூலகத்தைத் திறந்தால் பெயர்களே பயமுறுத்தும். ஒரு முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணும். பழகிவிட்டால் அது ஒரு முகவரிதான். 0.5 சதுர மில்லிமீற்றர் வயர், செப்பின் விட்டம் 0.9, பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து 2.1 மில்லிமீற்றர், வரிசையில் எத்தனை பேட், ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று எல்லாம் பெயரிலேயே இருக்கிறது. இந்த ஒழுங்கை நான் மெச்சுகிறேன். குறையும் ஒன்று உண்டு. நம் கடைத்தெருவில் வயர் அந்த மொழியில் விற்பதில்லை. வீட்டு வயரிங் செய்பவர் 7/0.67 கேட்பார். 0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு கம்பி என்று பொருள். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2.5 சதுர மில்லிமீற்றர், விட்டம் 2 மில்லிமீற்றர். 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் பதினாறு இழை உள்ள வயர் கிடைத்தால் அது 0.5 சதுர மில்லிமீற்றர். ஆக, பேட்டைத் தேர்வதற்கு முன் கடையில் வயரை வாங்கி, உறையைச் சீவி, இழையின் தடிப்பை அளந்து பாருங்கள். திரையில் முதலில் பேட்டைப் போட்டுவிட்டு அதற்கேற்ற வயரைத் தேடிக் கடை கடையாக அலைகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த நூலகத்தில் சில பெயர்களின் வாலில் ரிலீஃப் என்ற சொல் ஒட்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதில் பேட்டோடு கூட, சற்றுத் தள்ளி, உறையோடு வயர் நுழையும் அளவுக்குப் பெரிய துளையும் இருக்கும். வயரை முதலில் அந்தத் துளை வழியாக மறுபக்கம் இழுத்து, வளைத்துக் கொண்டுவந்து பிறகு பேட்டில் ஈயம் வைக்க வேண்டும். ஏன் இந்தச் சிரமம்? இழை வயரில் ஈயம் வைக்கும்போது, உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறி உறைக்குள்ளும் கொஞ்சம் போய்விடும். ஈயம் ஏறிய பகுதி குச்சி போல விறைத்துவிடும், ஏறாத பகுதி வழக்கம் போல வளையும். விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் அந்த ஒரு புள்ளியில்தான் எல்லா அசைவும் போய்க் குவிகிறது. ஆட்டோவின் அதிர்வும், பெட்டரி மாற்றும்போது பிள்ளை இழுக்கிற இழுப்பும் அங்கே ஒவ்வொரு இழையாக அறுக்கின்றன. வெளியே பார்த்தால் ஈயம் பளபளவென்று இருக்கும், உள்ளே வயர் செத்திருக்கும். துளை வழியாக நுழைந்து வந்த வயரில் இழுப்பு முழுவதும் உறையில் நின்றுவிடுகிறது, ஈயம் வைத்த இடத்துக்கு வருவதில்லை. இரண்டு துளைக்கு ஆலை கேட்கும் கூலி ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருந்தும் எத்தனை போர்டுகளில் அது இல்லை!

துளை இல்லாமல் மேற்பரப்பில் மட்டும் செப்புச் சதுரமாக விடும் பேட்டுகளும் உண்டு. எல்.ஈ.டி. பட்டிகளில் வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் இருப்பவை அவை. வேலை சுலபம், ஆயுள் குறைவு. 35 மைக்ரோன் தடிப்புள்ள செப்புத் தாளை ஒரு பசைதான் பலகையோடு பிடித்து வைத்திருக்கிறது. சோல்டரிங் அயனை நேரம் கூட வைத்தால் பசை இளகும், வயரை இழுத்தால் செப்பு தோலாக உரிந்து வரும். துளையுள்ள பேட்டில் செப்பு மேலிருந்து கீழ்வரை சுவராக இறங்கியிருப்பதால் அது அவ்வளவு சீக்கிரம் உரியாது. துளையைச் சுற்றியுள்ள வளையத்தையும் அகலமாக விடுங்கள். திருத்துகிறவர் மூன்றாம் முறை, நாலாம் முறை அயன் வைக்கும்போது அந்த அகலம் கைகொடுக்கும்.

சூட்டைப் பற்றி இன்னொன்று. மைனஸ் பேட்டைச் சுற்றிலும் பெரும்பாலும் பரந்த செப்புப் பரப்பு இருக்கும். பேட்டை அதோடு முழுதாக ஒட்டவிட்டால், அயனின் சூட்டை அந்தப் பரப்பு குடித்துவிடும். நாற்பது வாட் அயனை வைத்துக்கொண்டு நின்றாலும் ஈயம் பிடிக்காது, மேலே உருண்டையாக நிற்கும். சாதாரண ஈய வெள்ளீயக் கலவை 183 பாகையில் உருகிவிடும், ஆனால் பேட் அந்தச் சூட்டுக்கு வர வேண்டுமே. ஆகையால் பேட்டுக்கும் பரப்புக்கும் இடையில் மூன்று நான்கு ஒடுக்கமான காலை மட்டும் விடுவது வழக்கம். கீகாட் தானாகவே அப்படித்தான் செய்யும். மோட்டாருக்குப் போவது போல மின்னோட்டம் பெரியதாக இருந்தால் மட்டும் அதை மாற்றி முழுதாக ஒட்டவிடலாம். கோட்டின் அகலத்துக்கும் கணக்கு இருக்கிறது. 3 ஆம்பியர் ஓடும் கோடு 10 பாகைக்கு மேல் சூடேறாமல் இருக்க, அந்த 35 மைக்ரோன் செப்பில் சுமார் 1.4 மில்லிமீற்றர் அகலம் வேண்டும். இதைக் கணிக்கும் கருவி கீகாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேட்டை அகலமாகப் போட்டுவிட்டு அதற்குப் போகும் கோட்டை மயிரிழையாக விடுவதில் பயனில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது வீட்டுக்கு வீடு பெட்டரி விளக்கு கட்டினார்கள். பழைய விளக்குகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பல போர்டுகளில் எது பிளஸ், எது மைனஸ் என்ற குறியே இல்லை. வயர் அறுந்து போனால் ஊகம்தான். ஊகம் பிழைத்தால் புகைதான். வெள்ளை எழுத்தில் ஒரு பிளஸ், முதல் பேட் சதுரம், மற்றது வட்டம், முடிந்தால் 'பெட்டரி 3.7 வோல்ட்' என்று ஒரு வரி. போர்டை வரைகிறவருக்கு அரை நிமிட வேலை இது. அந்த எழுத்தைப் பேட்டின் மேலேயே போட்டுவிடாதீர்கள், ஆலை அதைத் துடைத்துவிடும். வயரோ ஈயமோ வந்து மறைக்காத பக்கத்தில் போடுங்கள்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒன்று. ஒலுவில் துறைமுகப் பக்கம் படகுகளில் விளக்கும் மீன் தேடும் கருவியும் பெட்டரியும் இருக்கின்றன. உப்புக் காற்றுக்குச் செப்பென்றால் நல்ல பசி. திறந்து கிடக்கும் பேட்டில் சில மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறும். உப்புநீர் உறைக்குள்ளும் ஊறி ஏறி இழைகளைக் கறுப்பாக்கும். அந்த வயரில் ஈயமே ஒட்டாது. படகுக்கென்று வெள்ளீயம் பூசிய இழை வயரை விற்பது அதற்காகத்தான். ஈயம் வைத்து, அதில் மிஞ்சும் பிசினைச் சுத்தமாகத் துடைத்த பிறகு அந்த இடத்தைப் பூசி மூட வேண்டும். எதைப் பூசுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். வினாகிரி மணம் அடிக்கிற சிலிக்கோன் காயும்போது அசற்றிக் அமிலம் விடும், செப்பை அதுவே அரிக்கும். துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் பசை வெயிலில் இளகிவிடும். மின்சுற்றுக்கென்று விற்கும் பூச்சைத் தேடி வாங்குவதே நல்லது.

"இவ்வளவு பாடு எதுக்கு, கழற்றிப் பூட்டுகிற கனெக்டரே போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். வீட்டு விளக்குக்கும் கடை எடைத் தராசுக்கும் கனெக்டரே போடுங்கள். பெட்டரி மாற்ற அயன் தேவைப்படக் கூடாது. படகுக்கு வேண்டாம். கனெக்டரின் உள்ளே உப்பு ஏறினால் வெளியே தெரியாது, நடுக்கடலில்தான் தெரிய வரும். அங்கே ரிலீஃப் துளையோடு அகலமான பேட், வெள்ளீய வயர், மேலே பூச்சு. படகுக்குச் செய்து தரச் சொல்லி யார் கேட்டாலும் நான் இதையே சொல்வேன்.